தீர்ப்பு நகலோடு ஒரு துண்டுச்சீட்டும் கொடுங்கள்

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களின் நீதிபதிகளுக்கும், அங்கே பணியாற்றும் ஆலோசகர்களுக்கும், மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் வணக்கம்.

தென் மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் அச்சகம் வைத்திருக்கிறேன். பில் புக், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம் என்றாலும் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகைதான். வெற்று அட்டை சிவகாசியிலிருந்து வரும். பெயரும் முகூர்த்தமும் நாங்கள் ஏற்றித் தருவோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு விவாகரத்து ஆனது. வழக்கு நடந்த விதம் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. தீர்ப்பு வந்த மறுநாளிலிருந்து நடந்ததைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலை பதினொன்றரைக்கு எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் வாய்தா வாய்தா என்று இழுத்த வழக்கு, இருவரும் ஒத்துக்கொண்டு, சம்மதத்தோடு பிரிய வழி தரும் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவுக்கு மாறியதும் மளமளவென்று முடிந்துவிட்டது. வராந்தாவில் மனைவியாக இருந்தவர் என்னிடம் வந்து, "ஸ்மார்ட் கார்டுல என் பேரையும் பாப்பா பேரையும் நீக்கிக் குடுத்துருங்க, நான் புதுசா எழுதணும்" என்றார். "சரி" என்றேன். ஒன்பது வருஷக் குடும்பத்தின் கடைசிப் பேச்சு ரேஷன் கார்டு. வக்கீல் கை கொடுத்து, "இனி நிம்மதியா இருங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் அம்மா, "விட்டது சனின்னு நெனச்சுக்கய்யா" என்று சொல்லிச் சோறு போட்டார்.

சனி விட்டிருந்தால் அன்றிலிருந்து ஏன் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது?

ஒருவர் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் வந்து உட்காருவார்கள், அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வரும், பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க என்னிடமே வருவார்கள். ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கையின் அதிர்ச்சிகளுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். துணையின் மரணத்துக்கு 100. அடுத்த இடத்தில் விவாகரத்து, 73. துக்கத்துக்கு மார்க் போடுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. ஆனாலும் 100 மார்க்குக்கு ஊரே வருகிறது, 73-க்கு ஒரு ஆள் வரவில்லை. அந்தக் காலத்தில் நம் பக்கத்துச் சில சமூகங்களில் ஊரார் முன்னால் துரும்பு கொடுத்துக் கல்யாணத்தைத் தீர்த்துக்கொள்வார்களாம். அது நியாயமான முறை என்று சொல்ல மாட்டேன். ஆண் நினைத்தால் கொடுத்துவிடலாம். முடிந்தது என்பதை நாலு பேர் கூடிப் பார்த்தார்கள், அவ்வளவுதான் அதில் எனக்குப் பிடித்தது. காதுகுத்தில் தொடங்கிக் கருமாதி வரை எல்லாவற்றுக்கும் அச்சடித்திருக்கிறேன். மணமுறிவுக்கு அடிக்க ஒரு காகிதமும் கிடையாது.

படுத்தால் தலைக்குள் கோர்ட் கூடிவிடும். அவருடைய மனுவும் என்னுடைய பதில் மனுவும் பத்தி எண்ணோடு எனக்கு மனப்பாடம். ஏழாவது பத்திக்கு அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், குறுக்கு விசாரணையில் இப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று இருட்டில் வாதாடிக்கொண்டிருப்பேன். எதிர்த்தரப்பு மட்டும் வராது. பகலில் நெஞ்செரிச்சல். எட்டு கிலோ இறங்கினேன். ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். தை மாத நெருக்கடியில், புதன்கிழமை என்று இருக்க வேண்டிய இடத்தில் வியாழக்கிழமை என்று விட்டு 600 பத்திரிகை அடித்துவிட்டேன். பதினெட்டு வருஷத் தொழிலில் புரூஃபில் நான் விட்ட முதல் கிழமை அது. பெண்ணின் அப்பா சத்தம்கூடப் போடவில்லை. "பரவால்லண்ணே, உங்க நெலம தெரியும்" என்றார். அதைவிட அவர் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அப்போது நண்பன் ஒருவன், "கவுன்சிலிங் போயேன்டா" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "அதான் கோர்ட்ல நாலு தடவ போனேனே!"

ஐயா, அம்மா, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 9-ஆம் பிரிவில், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. அது உங்கள் கடமை. அப்படிப் பேசிச் சேர்ந்த குடும்பங்களும் உண்டு. நாங்கள் போன அறையில் எங்களிடம் சொன்னது, "குழந்தை முகத்தப் பாருங்க", "கொஞ்சம் விட்டுக்குடுங்க". அந்தச் சமரசப் பேச்சுக்கு நம் கோர்ட்டுகளில் வழங்கும் பெயர் கவுன்சிலிங். அதனால் என்ன ஆகிறது என்றால், பிரிந்து உடைந்து நிற்கிறவனிடம் யாராவது கவுன்சிலிங் என்றால், மறுபடியும் சேர்த்துவைக்கப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் புத்தி சொல்லப் போகிறார்கள் என்றுதான் அவன் காதில் விழுகிறது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்ததில் எனக்கு ஏழு மாதம் போயிற்று.

இன்னொரு தடை இதைவிடப் பெரியது. வழக்கு நடந்தபோதே எனக்குத் தூக்கம் போயிருந்தது. மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். "கேஸ் முடியற வரைக்கும் அந்தப் பக்கமே போயிராதீங்க. ஓ.பி. சீட்டு ஒண்ணு அவங்க கையில கெடச்சா போதும், பாப்பாவ கண்ணுல காட்ட மாட்டாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் மனநலக் குறைபாடு விவாகரத்துக்கு ஒரு காரணம். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, வழக்குக்கு உதவும் என்று நீதிமன்றம் நினைத்தால் எந்தக் காகிதத்தையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அப்புறம் எவன் போவான்? போனால் பைத்தியப் பட்டம், போகாவிட்டால் மூன்று மணி கோர்ட். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை ஒன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரை இன்னும் கேலிக்குத்தானே பயன்படுத்துகிறோம்.

ஆனால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மனநோய் இருப்பதாகக் கண்டறிந்தால் மட்டும் ஒருவர் சித்த சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும். வழக்கில் ஒரு தரப்பு மனநோய்க்கு ஆதாரம் என்று எதையாவது நீட்டி, மறுதரப்பு மறுத்தால், மனநல மறுஆய்வு வாரியத்தின் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். தூக்கம் வரவில்லை என்று வைத்தியம் பார்த்தவனிடமிருந்து பிள்ளையைப் பிடுங்க அந்தச் சட்டம் துணை போகாது. இதை நீதிபதி முதல் வாய்தாவிலேயே இரண்டு வரியில் இரு தரப்புக்கும் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் முன்னாலேயே போய்ப் பார்ப்பார்கள். வக்கீல் சொன்னால் சந்தேகப்படுவோம், பெஞ்சிலிருந்து வந்தால் நம்புவோம்.

கடைசியில் நான் போனது அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. தனியாரில் ஒரு தடவைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கேட்டார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லி உளவியலாளரிடம் அனுப்பினார். என்னைவிடப் பத்து வயது இளைய பெண். கேஸ் கட்டு முழுவதையும் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. "அத அந்தச் சேர்ல வைங்க, போகும்போது எடுத்துக்கலாம்" என்றார். முக்கால் மணி நேரம் தேதி வாரியாக ஒப்பித்தேன். குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "இதெல்லாம் இன்னும் யார்கிட்ட நிரூபிக்கணும்?"

பதில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அஞ்சு மாதத்தில் பன்னிரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். உள்ளே ஏதோ மந்திரம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பெரும்பாலும் ஓட்டை உடைசலை அடைக்கும் வேலைதான். முழிப்பு வந்தால் புரண்டுகொண்டே கிடக்கக் கூடாது, எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். கவலைக்கு என்று சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை ஆறு மணிக்கு வா என்று திருப்பி அனுப்ப வேண்டும் (சிரிப்பாக இருந்தது, ஆனால் பாதி நாள் வேலை செய்தது). பாப்பாவின் அம்மாவுடைய வாட்ஸப் ஸ்டேட்டஸைத் தினம் எத்தனை முறை பார்க்கிறேன் என்று எண்ணி எழுதச் சொன்னார். முதல் நாள் கணக்கு 31. வெட்கத்திலேயே பாதி குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் ஆறு மணிதான் வாரத்திலேயே மோசமான நேரம் என்று கண்டுபிடித்தோம். நேராக வீட்டுக்குப் போகாமல், முடி வெட்டுவது, காய்கறி வாங்குவது என்று எதையாவது அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ள ஏற்பாடு.

எல்லாவற்றையும் எழுதிக் கொட்டிவிட்டால் ஆறிவிடும் என்று இரண்டு குயர் நோட்டு வாங்கிவைத்திருந்தேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார். எனக்கு ஏமாற்றம். பிறகு படித்தால், டேவிட் ஸ்பாரா என்ற உளவியல் ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் பிரிந்தவர்களிடம் ஆய்வு செய்து 2013-ல் இதையேதான் சொல்லியிருக்கிறது: நடந்ததையே கிளறிக் கிளறி அர்த்தம் தேடும் சுபாவக்காரர்களுக்கு இப்படி எழுதுவது காயத்தை ஆறவிடாது. அதனால்தான் சொல்கிறேன், நண்பர்கள் சொல்லும் வைத்தியம் எல்லாம் எல்லோருக்கும் ஒத்துவராது.

நிம்மதியும் துக்கமும் ஒன்றாக வரலாம் என்று சொன்ன ஒரே ஆள் அந்த உளவியலாளர்தான். சண்டை போட்டே பிரிந்தோம், ஆனாலும் அவர் ரசம் தாளிக்கும் வாசனையைத் தேடுகிறேனே, அப்படியானால் நான் செய்தது தப்பா என்று கேட்டேன். தேடுவது வேறு, திரும்பப் போக ஆசைப்படுவது வேறு என்றார். கல்யாண மாதமான ஆவணி பிறந்தால் இப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். அதற்கு தன்னிடம் மருந்து இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

எனக்குக் கடை இருந்தது, வீடு இருந்தது. பாப்பாவின் அம்மா வாடகைக்கு வீடு தேடியபோது எத்தனை பேர் "சார் எங்கே" என்று கேட்டிருப்பார்கள் என்பதைப் பின்னால்தான் யோசித்தேன். வாழாவெட்டி என்ற சொல்லுக்கு ஆண்பால் கிடையாது. எனக்கே இவ்வளவு என்றால் அவருக்கு யார் இருந்தார்கள் என்று தெரியாது. கேட்கும் உரிமையும் இப்போது எனக்கு இல்லை.

நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். மருத்துவ, சமூகநல வல்லுநர்களின் உதவியைப் பெற உங்கள் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆம் பிரிவே இடம் தருகிறது. மாவட்ட மனநலத் திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. சமரசப் பேச்சைச் சமரசப் பேச்சு என்றே அழையுங்கள். சான்றிட்ட நகல் கொடுக்கும் கவுன்ட்டரில் ஒரு துண்டுச்சீட்டும் கொடுங்கள். விரும்புகிறவருக்கு அங்கேயே சட்டத் தன்னார்வலர் ஒருவர் மருத்துவமனையில் ஒரு நாள் குறித்துத் தரட்டும். பிரிவதற்கு முன்னால் யோசிக்கச் சட்டம் ஆறு மாதம் கொடுக்கிறது. 2017-லிருந்து உச்ச நீதிமன்றம் அதையும் தேவைப்பட்டால் குறைக்கலாம் என்றுவிட்டது, நல்லதுதான். பிரிந்த பிறகுக்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?

சீட்டை நானே அடித்துத் தருகிறேன். டெம்மி அளவுத் தாளில் எட்டில் ஒன்று, ஒரு பக்கம், ஒரே கலர். முதல் ஆயிரம் என் செலவு. வாசகம்: "வழக்கு முடிந்துவிட்டது. தூக்கம் வராவிட்டால், பசி எடுக்காவிட்டால், உயிரோடு இருக்கப் பிடிக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. உங்களைச் சேர்த்துவைக்கவோ புத்தி சொல்லவோ இங்கே யாரும் இல்லை."

புரூஃப் இத்துடன் இருக்கிறது. மனநலப் பிரிவின் கிழமைகளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். நிரப்பி, பிழை பார்த்து அனுப்புங்கள். கிழமையை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். முகூர்த்த மாதமாக இருந்தால் ரெண்டு நாள் கூட ஆகும்.

இப்படிக்கு,
ஒரு அச்சகக்காரன்