செல்வாவுக்கு, கால்சியம் விஷயமாக

அன்புள்ள செல்வா,

உன் கடிதமும் பவளத் தொட்டிப் படங்களும் கிடைத்தன. அக்ரோபோரா பவளத்தின் கிளை நுனிகள் வெள்ளையாகத் தெரிகின்றன என்று பயந்து எழுதியிருக்கிறாய். நுனி வெள்ளையாக இருந்தால் பவளம் வளர்கிறது என்று அர்த்தம். அடியிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வளர்கிற பவளம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டத்தான் அந்த இரண்டு பாட்டில் மருந்து. அதற்கு மாதாமாதம் இவ்வளவு செலவா என்று நீ கேட்டதும் நியாயம்தான்.

முதல் பாட்டிலில் இருப்பது கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீர், அவ்வளவுதான். இங்கே நியூஜெர்சியில் குளிர்காலம் வந்தால், பாதையில் பனியை உருக்க ஹார்டுவேர் கடைகளில் அதை மூட்டை மூட்டையாக அடுக்கிவிடுவார்கள். ஹூஸ்டனில் அதற்காக அலையாதே. உங்கள் பக்கம் நீச்சல் குளம் உள்ள வீடுகள் ஏராளம். குளத்துச் சாமான் கடையில் ‘கால்சியம் ஹார்ட்னஸ் இன்க்ரீசர்’ என்று கேள், அதுவும் இதே பொருள்தான். வாங்குமுன் மூட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படி. கால்சியம் குளோரைடு என்ற ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். கல்லுப்பு, யூரியா, சாயம் என்று ஏதாவது கலந்திருந்தால் அப்படியே வைத்துவிட்டு வா.

அளவு நான் யோசித்ததல்ல. ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி என்ற வேதியியலாளர் 2006-இல் எழுதிய கணக்கு, இன்றும் பலர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். மூட்டையில் இருப்பது 77 சதவீதக் கால்சியம் குளோரைடுச் செதில் என்றால் 500 கிராம், 94 சதவீத உருண்டை என்றால் 400 கிராம். ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மொத்தம் ஒரு கேலன் ஆக்கிக்கொள். தண்ணீர் தானாகவே சூடேறும், ஆறவிடு.

இரண்டாவது பாட்டில் கார்பனேட்டுக்கு; அதற்குச் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் ஸ்டார்ச்சும் பலவற்றில் பாஸ்பேட்டும் இருக்கும். 594 கிராம் சோடாவைத் தட்டில் பரப்பி 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் ஓவனில் வை. கரியமில வாயுவும் நீராவியும் போய் 375 கிராம் அளவுக்கு மிஞ்சும். நிறம் மாறாது, எடை குறைவதுதான் அடையாளம். அதையும் கரைத்து ஒரு கேலன் ஆக்கு. ஏசிக்காக எந்நேரமும் ஜன்னலை மூடி வைக்கிற வீட்டில் தொட்டியின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். சுட்ட சோடா அதைத் தூக்கிவிடும்.

இரண்டையும் சம அளவில் ஊற்று, ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். சேர்த்து ஊற்றினால் பால் திரிந்த மாதிரி ஆகிவிடும்; போட்ட கால்சியம் அத்தனையும் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். உன் 50 கேலன் தொட்டிக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி ஊற்றினால் கால்சியம் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஏறும். கடலில் இருப்பது 420 பக்கம். சோதித்துப் பார்த்து, ஒரு நாளில் எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் ஈடுகட்டு.

இந்தியக் கடையில் கிடைக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடலாமா என்று கேட்டிருந்தாய். பொருள் சரிதான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஆனால் அந்த ஈரக் குழம்பில் தண்ணீர் எவ்வளவு, ஏற்கெனவே காற்றுப் பட்டுக் கெட்டது எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. வெள்ளரிக்காய் ஊறுகாய்க்கென்று இங்கே விற்கும் ‘பிக்லிங் லைம்’ தூள் வாங்கு, அது உலர்ந்தது. லிட்டருக்கு ஒன்றரை கிராம்தான் கரையும். மேலே தெளிந்த நீரை மட்டும், சொட்டுச் சொட்டாக விடு.

அப்புறம், ஊருக்குப் போகும்போது தூத்துக்குடியிலிருந்து பவளக் கல் கொண்டுவந்து போடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டவே வேண்டாம்லே. தொட்டித் தண்ணீரில் அந்தக் கல் கரையாது. கரியமில வாயு விட்டு பிஎச்சை ஆறரைக்கு இறக்கும் ரியாக்டருக்குள் போட்டால்தான் கரையும். அதை விடு. கல் பவளங்கள் 2001 முதல் இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுக்கவே கூடாது. வள்ளம் வள்ளமாகப் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டுபோன ஊர் நம் ஊர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். பனி உருக்கும் உப்பில் பவளம் வளர்க்க முடிகிறபோது அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்கு ஆஸ்டினில் கல்லூரி கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் கொண்டுவிட வருவோம். உன் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். என் மக்னீசியம் டெஸ்ட் கிட்டைக் கொண்டுவருகிறேன். மக்னீசியம் 1300 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் எப்சம் உப்பும் மக்னீசியம் குளோரைடும் சேர்த்து அங்கேயே கலந்துவிடலாம். அதற்குள் மூட்டை வாங்கினால் பிரிக்குமுன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்