பாட்டி திண்ணையிலேயே இருக்கட்டும்

கட்டடக் கலைஞர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கட்டும் வீடுகளைப் படமெடுத்துப் பிழைப்பவன் நான். அண்மையில் ஒரு வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். திண்ணையில் இளவெயில். அந்த வீட்டுப் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முக்காலியை நிறுத்தி கேமராவைப் பூட்டுவதற்குள் வீட்டை வடிவமைத்தவர் ஓடிவந்து, "பாட்டி, கொஞ்சம் உள்ளே போங்களேன்" என்றார். பாட்டி முறத்தோடு எழுந்து போனார். வாசல் செருப்பும் கொடியில் கிடந்த துண்டும் பின்னாலேயே போயின. மிஞ்சியது ஒரு சிமென்ட் மேடை. அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

1838இல் புகைப்படக் கலையின் முன்னோடி டாகேர் பாரீஸின் பெரிய தெரு ஒன்றை மேலேயிருந்து படமெடுத்தார். ஒரு படம் பதியவே பல நிமிடம் பிடித்த காலம். நகர்ந்துகொண்டே இருந்த வண்டியும் ஆளும் பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் தெளிவாக மாட்டினார். அன்று கேமராவால் முடியாமல் தெரு காலியானது. இன்று முடிந்தும் நாம் காலி செய்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், கட்டும் முன்பு வாடிக்கையாளரிடம் நீங்கள் கணினியில் வரைந்து காட்டும் 3டி படத்தில் மட்டும் மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. பலூன் பிடித்த குழந்தைகூட உண்டு! நிஜ வீட்டில் நிஜக் குழந்தை வந்தால்தான் தொந்தரவு. ஆளே இல்லாவிட்டால் கதவு ஏழடியா, பத்தடியா என்பதுகூடப் பிடிபடாது.

லாஸ் ஏஞ்சலிஸ் மலைமேல் பியர் கோனிக் கட்டிய கண்ணாடி வீட்டை 1960இல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த படம் உங்களுக்குத் தெரியாததா? கீழே ஊர் முழுக்க விளக்குகள். ஆனால் கண் போய் நிற்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களிடம். அவர்கள் இல்லையென்றால் அது மீன்தொட்டி. படத்துக்காக உட்காரவைத்தவர்கள்தான், சரி. எனக்கு அந்த ஜோடனைகூட வேண்டாம்.

"ஆள் இருந்தால் கட்டடம் எடுபடாது" என்கிறீர்கள். கேமரா ஷட்டரை அரை நொடி திறந்து வைத்தால் நடப்பவர் நிழலாகக் கலங்கிவிடுவார், சுவர் துல்லியமாக நிற்கும். படத்தில் வர விருப்பமில்லாதவரை நானும் வற்புறுத்த மாட்டேன்.

காலி வீட்டையும் எடுத்துத் தருகிறேன், மூலை முடுக்கெல்லாம் அதில்தான் நன்றாகத் தெரியும். அதை அப்புறம் எடுக்கலாம். அடுத்த முறை முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் யாரையும் எழுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் புகைப்படக்காரன்