அப்பாவின் மழை நோட்டும் ஹாலில் ஒரு சர்வரும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முட்டி வலி தேவலையா? நல்லெண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. நான் ஒரு வேலையில் மூழ்கிவிட்டேன், அதனால்தான் பதில் தாமதம்.

அப்பாவின் மழை நோட்டுகள் நினைவிருக்கிறதா? முற்றத்தில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து மில்லிமீட்டரில் எழுதுவாரே, அதேதான். எல்லாவற்றையும் தட்டச்சு செய்து ஆரில் (R என்ற புள்ளியியல் கணினி மொழி) ஏற்றிவிட்டேன்!

மகன் விட்டுப்போன பழைய டெஸ்க்டாப் சும்மா கிடந்தது. 8 ஜிபி ராம், இந்த வேலைக்குத் தாராளம். ஆரைப் பிரவுசர் வழியாகவே எழுதி ஓட்ட வைக்கும் ஆர்ஸ்டுடியோ சர்வர் என்ற மென்பொருள் லினக்ஸில்தான் ஓடும். விண்டோஸை வைத்துக்கொண்டே, அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகவும் ஓட்டலாம், உனக்கு அதுதான் வசதி. நான் விண்டோஸை அழித்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸையே போட்டேன். ஆர் நிறுவியதும், சர்வரை நிறுவியதும் பத்து நிமிஷ வேலை. ஆருக்கான கூடுதல் பேக்கேஜ்களில்தான் சாயங்காலம் முழுக்கப் போனது. விண்டோஸில் தயாராக இறங்கும் பேக்கேஜ்கள், லினக்ஸில் நம் கணினியிலேயே மூலநிரலிலிருந்து கம்பைல் ஆகின்றன. லிப்கர்ல், ஓபன்எஸ்எஸ்எல், லிப்எக்ஸ்எம்எல் மூன்றின் டெவலப்மென்ட் கோப்புகளை முதலிலேயே போட்டுவிடு, இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். லாகின் பக்கத்தில் ரூட் (நிர்வாகிக் கணக்கு) என்று கொடுத்தால் உள்ளே விடாது. லினக்ஸில் சாதாரணப் பயனராக ஒரு கணக்கு வேண்டும்.

அப்புறம் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், முக்காற்புள்ளி, 8787. திறந்தது பார், கலா, கண் கலங்கிவிட்டது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் துளையிட்ட கார்டு கட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பிரிண்ட்அவுட்டுக்குக் காத்துக் கிடந்தோமே! ஒரு கார்டு தப்பானால் இன்னொரு நாள் போச்சு. இப்போது ஹாலில் பாதி வரி எழுதிவிட்டு எழுந்து போய், அடுக்களையில் டேப்லெட்டில் அந்தக் கணினியின் ஐபி முகவரியைப் போட்டால் அதே பாதி வரி காத்திருக்கிறது. பிரவுசரை மூடினாலும் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவென்று எழுதத் தொடங்கிய மொழி இது. அந்த இருவருக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கவனம். ரவுட்டரில் 8787-ஐ வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதே. எல்லாம் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி இணைப்பில்தான் போகிறது. வீட்டு வைஃபைக்குள்ளேயே இருக்கட்டும்.

வரைபடத்தில் ஐப்பசி, கார்த்திகை என்று எழுதினால் வெறும் கட்டங்களாக வந்தது. சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. லோகித் தமிழ் என்ற எழுத்துருவைப் போட்டு ஆரை மறுபடி தொடங்கினேன். கார்த்திகை என்று ஒழுங்காக வந்து உட்கார்ந்தது.

1977 நவம்பருக்கு வந்தபோதுதான் கை நின்றது. 12-ஆம் தேதி நாகப்பட்டினம் புயல். அன்றைக்கும் அடுத்த மூன்று நாளுக்கும் நோட்டில் எண்ணே இல்லை, "மானி போய்விட்டது" என்று மட்டும் பென்சிலில். பூஜ்யம் போட மனசு வரவில்லை, போடவும் கூடாது. மதிப்பு கிடைக்கவில்லை என்று ஆருக்குச் சொல்லும் என்ஏ (NA) என்று போட்டேன். அந்த மாதத்தின் கூட்டுத்தொகையைக் கேட்டால் ஆரும் என்ஏ என்றே சொல்கிறது. விடுபட்டதைத் தள்ளிவிட்டுக் கூட்டு என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த மாதத்துக்கு மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை.

உன் பெயரிலும் ஒரு கணக்கு உண்டாக்கியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது கடவுச்சொல்லை நீயே மாற்றிக்கொள். அந்த நான்கு நாளை என்ன செய்யலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
வசந்தா