கம்பத்துல திராட்சை வாங்குறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பம் பள்ளத்தாக்குக்கு பழம் வாங்க வர்ற வியாபாரி அண்ணன்மாருக்கும் ஒயின் கம்பெனிக்காரங்களுக்கும் வணக்கம்.

சுருளிப்பட்டி பக்கம் எங்களுக்கு ரெண்டு தோட்டம், ரெண்டுலயும் பன்னீர் திராட்சை தான், ஒரே நாள் கவாத்து, ஒரே உரம். மேத்தோட்டம் சரளை கலந்த செம்மண், தண்ணி நிக்காம எறங்கிரும். கீழத்தோட்டம் ஓடை ஓரத்து களிமண்ணு, ஒரு மழை பெஞ்சா நாலு நாளைக்கு கால் வைக்க முடியாது. போன கோடைல ஒரே காலைல ரெண்டு தோட்டத்து பழத்தையும் சாறுல இனிப்ப அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு பிழிஞ்சு வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன், மேல 18 பிரிக்ஸ், அதாவது நூறு கிராம் சாறுல ஏறக்குறைய 18 கிராம் சீனி, கீழ 14. கீழத்தோட்டத்து பழம் நல்லா பெருசு, ஆனா தோல் செவப்புலயே நின்னுபோச்சு, கருக்கவே இல்ல. வாங்க வந்தவரு ரெண்டுக்கும் ஒரே ரேட் போட்டாரு, எடை கூடுனதால அந்த 14 பிரிக்ஸ் பழத்துக்கு தான் காசு ஜாஸ்தி வந்துச்சு.

பழம் கலர் திரும்புனதும் தண்ணிய கொறைக்கணும், அறுவடைக்கு ஒரு வாரம் முன்னாடி நிறுத்திரணும். வேர் லேசா காஞ்சா கொடி துளிர் விடாம சத்த பழத்துக்கு அனுப்பும், பழம் சின்னதாகும், சாறு அளவுக்கு தோலோட பங்கு கூடும், ஒயினுக்கு கலரும் வாசமும் பெரும்பாலும் அந்த தோல்ல இருந்து தான வருது. எடைக்கு மட்டும் காசுன்னா எவன் தண்ணிய நிறுத்துவான், வெட்டுற முந்தின நாள் வரைக்கும் மோட்டர் ஓடும். 14 பிரிக்ஸ் சாறு நொதிச்சா ஆல்கஹால் 8 சதவீதத்த தாண்டாது, அப்பறம் நீங்க தான் சீனி கொட்டணும்.

இன்னொன்னு, தேதி சொல்லிட்டு தள்ளிப்போடாதீங்கண்ணே. உங்கள நம்பி தண்ணிய நிறுத்துன ஒரு விவசாயி பத்து நாள் காத்திருந்து பழம் சுருங்கி கொத்துலயே வாடுனத பாத்திருக்கேன், அடுத்த போகத்துல அந்த ஆளு நிறுத்தவே மாட்டாரு. அதுலயும் மழைக்கால போகத்துல இனிப்பு ஏற்கனவே கம்மி.

2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்கு புவிசார் குறியீடு கெடச்சிருச்சு. அந்த பேருக்கு ஏத்த பழம் வேணும்னா தராசு பக்கத்துல மீட்டரும் வைங்க, 17க்கு மேல ஒரு ரேட், கீழ ஒரு ரேட்னு போடுங்க. வர்ற ஏப்ரல்ல எங்க தோட்டத்துக்கே வாங்க, மீட்டர் எங்கிட்ட இருக்கு, ரெண்டு பழத்தையும் நீங்களே பிழிஞ்சு பாருங்க.