1,500 வெள்ளிக்குப் பயந்து வேலையைக் குறைச்ச அண்ணன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், டவுன் பக்கம் ஒரு ஆபீஸ் பில்டிங்ல செக்யூரிட்டி வேலை. அங்க கிளீனரா இருக்கற ஒரு அண்ணனைப் பத்திதான் இந்த லெட்டர், பேரு வேணாம். 58 வயசு, டிவோர்ஸ் ஆனவரு. டிவோர்ஸுக்கு அப்புறம் இருந்த வீட்டை வித்தாங்க, வந்த காசு கடனுக்கும் சிபிஎஃப்புல, அதான் சேமநிதியில, வீட்டுக்காக எடுத்ததைத் திருப்பி போடறதுக்குமே சரியா போச்சு, இப்ப தங்கச்சி வீட்டு ஹால்ல மெத்தை போட்டு படுக்கறாரு. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் மெத்தையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னாடி சொருகிடணும், ஏன்னா தங்கச்சி பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்பறது அதே ஹால்லதான். வெளிய ஒரு ரூம் கேட்டுப் பாத்தாரு, 850 வெள்ளி (டாலர்) வாடகைன்னாங்க, அதுலயும் சமைக்கக் கூடாதாம்.

சரி, வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) வாடகை வீட்டுக்கு அப்ளை பண்ணுங்கண்ணேன்னு நான் சொல்லி ஒரு வருஷம் இருக்கும், ஆனா உடனே பண்ண முடியல. வீடு வித்து 30 மாசம் ஆகணும்னு ஒரு ரூல் இருக்குல்ல, அதை அவரு டிவோர்ஸ் பேப்பர் வந்த தேதியில இருந்து எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு, வீடு வித்தது அதுக்குப் பல மாசம் கழிச்சு. சரியா எண்ணிப் பாத்தா 2024 ஜூன்லதான் 30 மாசம் முடிஞ்சுது, இதுல யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு மனசு கேக்கல. காப்பிக் கடையில ஒரு ஆளு, ஃபார்ம் ஃபில் பண்ணி தர்றேன்னு 80 வெள்ளி வாங்கிட்டு, சம்பளம் 1,500க்கு மேல இருந்தா நேரா ரிஜெக்ட், முதல்ல அதைக் குறைச்சுட்டு வாங்கன்னு சொல்லியிருக்காரு. சிங்பாஸ்ங்கற அரசாங்க ஆன்லைன் அடையாளக் கணக்கு வச்சு நாமளே போடக்கூடிய ஃபார்ம் அது. அண்ணனுக்கு 2024 ஜூலைல இருந்துதான் சம்பளம் 1,740 ஆச்சு, அரசாங்கம் படிப்படியா சம்பளம் ஏத்தற திட்டத்துல ஃபுல்டைம் பாக்கற சாதாரண கிளீனருக்கு அப்ப அதுதான் அடிமட்டம், அதுக்குக் கீழ குடுக்கவே கூடாது. இவரு என்ன பண்ணாரு தெரியுமா, சூப்பர்வைசர்கிட்ட போயி என்னை பார்ட்டைம் ஆக்கிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாரு! சம்பளம் கூடினதுக்கு அடுத்த மாசமே!! சிபிஎஃப்பும் அதோட சேந்து குறைஞ்சு போச்சு.

நான் கேட்டேன் ஏண்ணே இப்படின்னு. சிவப்பு பிளாஸ்டிக் பையில இருந்து ஒரு பேப்பரை எடுத்து காட்டினாரு, வீவக வெப்சைட்டைத் தங்கச்சி மகள் பிரிண்ட் போட்டுக் குடுத்தது, 1,500ங்கற இடத்துல பேனாவால மூணு வட்டம். அவரு படிச்சது அந்த ஒரு நம்பரைத்தான், அவரைச் சொல்லி என்ன பண்றது.

வாடகை வீட்டுக்கு வருமான வரம்பா அந்த 1,500ஐ வச்சது 2003ல. அப்ப 800ஆ இருந்ததை ஏத்தினாங்க. 2024ல பாத்தா இருபத்தோரு வருஷமா அப்படியே நிக்குது, ஃபுல்டைமா கூட்டித் துடைக்கற ஒரு உள்ளூர் ஆளு ஒழுங்கா சம்பளம் வாங்கினாலே அந்தக் கோட்டைத் தாண்டிடறாரு. அரசாங்கத்தோட ஒரு கை சம்பளத்தை ஏத்தி விடுது, இன்னொரு கை பழைய இடத்துலயே நிக்குது. ஆனா 1,500 தாண்டினாலே முடியாதுன்னு கிடையாது, குடும்ப நிலைமை, வேற போக்கிடம் இருக்கா, பிள்ளைங்க பாத்துக்க முடியுமான்னு எல்லாம் பாத்து ஒவ்வொரு கேஸா முடிவு பண்றோம்னு பார்லிமெண்ட்லயே சொல்லியிருக்காங்க. நல்ல விஷயம்தான், ஆனா அது மொப்பு புடிச்சுக்கிட்டு நிக்கற ஆளு காதுக்கு எப்படி வரும்? பார்லிமெண்ட் பேச்சையா அவரு உக்காந்து படிக்கப் போறாரு? நம்பரை ஏத்துங்க, இல்லன்னா அந்த நம்பருக்குப் பக்கத்துலயே, தாண்டினாலும் அப்ளை பண்ணலாம்னு நாலு மொழியிலயும் பெருசா போடுங்க. நான் கேக்கறது இவ்வளவுதான்.

வாடகை எவ்வளவுன்னு தெரியாம பயப்படறவங்களும் இருக்காங்க. முதல் தடவை வீட்டு மானியம் வாங்கறவங்க, வருமானம் 800க்குள்ளன்னா ஓரறை வீட்டுக்கு மாசம் 26ல இருந்து 33 வெள்ளிதான். ஏற்கனவே மானிய வீடு வாங்கி வித்த நம்ம அண்ணன் மாதிரி ஆளுங்களுக்குக் கூடும், அப்படியும் வெளி ரூம் வாடகையில கால்வாசிகூட வராது.

தனி ஆளுங்க ரெண்டு பேரா சேந்துதான் ஒரு வாடகை வீட்டுல இருக்கணும், அதனால அவங்களுக்கு இன்னொரு பயம், கூட யாரை வச்சிக்கறதுன்னு. முன்னாடி ஜோடிக்கு ஆளை நாமளே தேடிப் புடிச்சிட்டுப் போகணும், 2021 கடைசியில இருந்து சில இடங்கள்ல ஒத்த ஆளாவே அப்ளை பண்ணலாம், அந்த இடத்தை நடத்தற அமைப்பே கூட தங்க ஆளு பாத்து சேத்து விடறாங்க. அண்ணன்கிட்ட இதை சொன்னதும் மொத கேள்வி, குறட்டை விடற ஆளா போட்டுட்டா என்ன பண்றதுங்கறது. அவரு விடற குறட்டை எங்க ரெஸ்ட் ரூம் முழுக்க கேக்கும், அதை நான் சொல்லல :)

போன வாரம் ஓய்வு நாளன்னிக்கு பிளாக்குக் கீழ இருக்கற திறந்தவெளி வாய்டு டெக்ல உக்காந்து ரெண்டு பேருமா அப்ளை பண்ணோம், திரை உடைஞ்ச அவரு போன்ல சிங்பாஸ் திறக்கவே அரை மணி நேரம் ஆச்சு. ஃபுல்டைம் சம்பள பேஸ்லிப், பார்ட்டைம் பேஸ்லிப் ரெண்டையும் சேத்துதான் போட்டிருக்கோம், எதையும் மறைக்கல, பதில் இன்னும் வரல.

ஃபுல்டைம் வேலையைத் திருப்பிக் குடுங்கன்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டிருக்காரு. அந்த இடத்துக்கு வேற ஆளு போட்டாச்சாம், ஜனவரிக்கு அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்