எங்கள் பிள்ளைகளின் முதல் வாசகர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் பிள்ளைகளைக் கவிதை எழுத வைக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். உங்களில் ஒருவரை மட்டும்தான் எனக்கு நேரில் தெரியும். அவருக்கு நன்றி சொல்லி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, இது அவர் ஒருவருக்கு மட்டும் போய்ச் சேர வேண்டிய நன்றி இல்லை என்று தோன்றிவிட்டது.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய தாத்தா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்து ஒன்றும் பேசாமல் என் முன்னால் நீட்டினாள். பென்சிலில் மூன்று வரி:

தாத்தாவின் நாற்காலி
இன்னும் சாய்ந்தே இருக்கிறது
அவர் கதை சொல்லும் பக்கம்.

படித்துவிட்டு எழுந்து போய் அந்த நாற்காலியைப் பார்த்தேன். உண்மைதான். வலது பக்கம் பிரம்பு தளர்ந்து லேசாக இறங்கியிருந்தது. அந்தப் பக்கம்தான் இவள் தரையில் உட்காருவாள். அவர் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவார். மூன்று மாதமாகத் தினமும் துடைத்து வைக்கிறேன். என் கண்ணில் அது படவே இல்லை.

அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. “ரொம்ப நல்லா இருக்கு. கடைசியில ‘உங்கள் பாசம் மறவேன்’னு ஒரு வரி சேர்த்துக்கோயேன்” என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டாள். “வேண்டாம்மா. நீ பார்த்தது வரியில இருந்தா போதும்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.”

அவள் தூங்கிய பிறகு நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டு வரிதான் முதலில் எழுதியிருக்கிறாள். இரண்டாவது வரிக்கு ஓரத்தில் டீச்சர் கையெழுத்தில் இரண்டே சொல்: “எந்தப் பக்கம்?” அதற்குக் கீழேதான், கொஞ்சம் அழுத்தி எழுதின மாதிரி, மூன்றாவது வரி இருந்தது.

அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான் நான் உங்களோடு பேச வேண்டும். அதில் பாராட்டு இல்லை, திருத்தமும் இல்லை. இந்தப் பிள்ளை இன்னும் எதையோ பார்த்திருக்கிறாள், சொல்லாமல் வைத்திருக்கிறாள் என்று அந்த டீச்சருக்குத் தெரிந்திருக்கிறது. அதை அவரே ஊகித்து எழுதிக் கொடுத்திருக்கலாம். வகுப்பில் இத்தனை நோட்டு திருத்துகிறவருக்கு அதுதான் சுலபம். ஆனால் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். வரி குழந்தையிடமிருந்து வந்தது. பெற்ற நான் செய்யத் தவறிய காரியம் அது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் நானும் ஒரு கவிதை எழுதினேன். ராத்திரிப் பயணத்தில் நிலா கூடவே வந்ததைப் பற்றி எட்டு வரி. எங்கள் ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, வகுப்பு முன்னால், “எதைப் பார்த்து எழுதினாய்?” என்றார். நானே எழுதினேன் என்றேன். சிரித்துக்கொண்டே நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அவர் என்னை வருத்த வேண்டும் என்று கேட்கவில்லை, இப்போது எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பிறகு நான் எழுதியது கட்டுரை மட்டும்தான். எல்லாரும் எழுதுகிற வாக்கியங்களை எல்லாரையும் போல எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த எட்டு வரியில் ஒன்றுகூட இன்று நினைவில் இல்லை. அந்தக் கேள்வி அப்படியே நினைவில் இருக்கிறது.

பிள்ளைகளைப் பாட்டுக் கட்ட வைப்பது நம் மொழிக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வார்கள். கடைசி அடியை ஆசிரியர் தந்துவிடுவார்; அதில் வந்து முடிகிற மாதிரி வெண்பாவை மாணவன் கட்ட வேண்டும். அசை, சீர், தளை என்று கடினமான பயிற்சிதான். இருந்தாலும் ஒரு அடி கையில் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடலாம். வெறும் தாளைக் கொடுத்து “எழுது” என்பதில்தான் பயம். 1968இல் அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் நியூயார்க்கில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது இதே போன்ற ஒன்றைத்தான் செய்தார். அங்கே ஒரு அடிக்குப் பதில் ஒரு தொடக்கம். ஒவ்வொரு வரியும் ‘நான் ஆசைப்படுகிறேன்’ என்று ஆரம்பிக்க வேண்டும்; அதில் ஒரு நிறமும், ஒரு படக்கதைப் பாத்திரமும், ஒரு ஊரோ நாடோ வர வேண்டும். மற்றது பிள்ளையின் இஷ்டம். ஆளுக்கு ஒரு வரி எழுதித் தரச் சொல்லி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கவிதையாக வாசித்துக் காட்டினார். யார் எந்த வரி எழுதினார்கள் என்று தெரியாது. தப்பாகிவிடுமோ என்ற கூச்சம் அங்கேயே போய்விடும். வரிகளின் கடைசியில் ஓசை ஒன்றி வருகிற இயைபு வேண்டியதில்லை என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார்.

இந்தக் கடைசி விஷயத்தில் நம் வகுப்புகள் இன்னும் தயங்குகின்றன என்று நினைக்கிறேன். எதுகையும் மோனையும் எனக்கும் பிடிக்கும். ‘பட்டு, தட்டு, மொட்டு’ என்று ஒரு பிள்ளை அடுக்கிக்கொண்டே போகும்போது அதன் முகத்தில் வருகிற சந்தோஷம் மொழியின் மேல் வருகிற முதல் காதல். அது விளையாட்டாக இருக்கிற வரை சரி. கட்டாயமானால் என்ன ஆகிறது? அம்மாவைப் பற்றி எழுத வந்த பிள்ளை எதுகை தேடிப் போய் ‘சும்மா’வோடு திரும்பி வருகிறது. அம்மாவிடம் அது பார்த்த ஏதோ ஒன்று, ஈரக் கையைப் புடவையில் துடைப்பதோ, தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ, வழியிலேயே விழுந்துவிடுகிறது. உங்களில் பலர் ஓசையைக் காதுக்குப் பழக்கிவிட்டு, எழுதும்போது அதைப் பிள்ளையின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறீர்கள். அதற்கு என் வணக்கம்.

போட்டிக் கவிதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மரம் வளர்ப்போம்’, ‘நீரைக் காப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் பிள்ளைகள் கோஷம்தான் எழுதுவார்கள். தன் வீட்டு ஜன்னலில் தட்டுகிற ஒரு கிளையைப் பற்றி எழுதச் சொல்லிப் பாருங்கள். இது உங்களுக்குத் தெரியாததில்லை. தலைப்புத் தேர்ந்தெடுக்கிறவர்கள் காதில் நீங்கள் போட்டு வைத்தால் நன்றாக இருக்கும்.

எழுதவே வராத பிள்ளைகளுக்கு நீங்கள் செய்வது எனக்கு இன்னும் வியப்பு. எங்கள் டீச்சர் வகுப்பில் ஒரு பையன். எழுத்துக் கூட்டுவதற்கே திணறுவான். அவன் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதிக்கொள்கிறாராம். ஒரு சொல்லையும் மாற்றாமல் அவனுக்கே திரும்ப வாசித்துக் காட்டுவாராம். என் மகள்தான் சொன்னாள். கேட்டதும் 19ஆம் நூற்றாண்டின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நினைவுக்கு வந்தார். அவர் வாயால் பாடல் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதுவார்கள். இளைஞராக இருந்த உ.வே. சாமிநாதையரும் அப்படி எழுதியவர்தான். இந்த வகுப்பில் சொல்கிறவன் மாணவன், எழுதுகிறவர் ஆசிரியர்.

இன்னொன்றும் உங்களிடம் உண்டு, வெளியே யாரும் பார்க்க முடியாதது. சில தாள்களை நீங்கள் வகுப்பில் வாசிப்பதில்லை. வீட்டில் நடக்கிற சண்டையை, ஒரு பயத்தை, யாரிடமும் சொல்லாததை ஒரு பிள்ளை நாலு வரியில் எழுதிக் கொடுத்துவிடும். அதை மடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் தனியாக அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறீர்கள். சம்பளத்தில் இதற்குக் கணக்கு கிடையாது.

சிலி நாட்டில் தெமுகோ என்ற ஊருக்கு 1920இல் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக வந்தவர் கவிஞர் கப்ரியேலா மிஸ்ட்ரல். அந்த ஊரில் ஒரு பையன் கவிதை எழுதிக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. மிஸ்ட்ரலைப் பார்க்கப் போனால் படிக்கச் சொல்லி ரஷ்ய நாவல்களைக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பையன் பாப்லோ நெரூதா. 1945இல் அவருக்கும் 1971இல் இவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வகுப்பில் இருக்கிற பிள்ளைகளில் அநேகம் பேர் கவிஞர் ஆகப்போவதில்லை. என் மகளும் ஆகாமல் போகலாம். வீட்டில் வேண்டாம் என்ற ஒன்றுக்கு ஒரு பெரியவர் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, கையில் புத்தகமும் கொடுத்தாரே, அதற்காகச் சொன்னேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இவர்கள் எழுதியதை ஒளித்து வைக்க ஆரம்பிப்பார்கள். எங்களிடம் காட்ட மாட்டார்கள். அப்போது நீங்கள் பாடங்களுக்குள் மூழ்கிவிடாமல், எப்போதாவது ஒரு முறை, “இப்போ என்ன எழுதுறே?” என்று கேளுங்கள். காட்டாவிட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பிரம்பு நாற்காலியைப் பின்னக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் அதற்கு வலது பக்கம் தரையில் உட்கார்ந்துதான் அவள் எழுதுகிறாள்.

நன்றியுடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் அம்மா