வைஃபை பிரிண்டர் வச்சிருக்குற எல்லாருக்கும் கடையிலேருந்து ஒரு மடல்

வணக்கம் அண்ணே, அக்கா, ஐயா, அம்மா எல்லாருக்கும். நம்ம கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையில பிரிண்டர் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க, நேரம் இல்லன்னா வீட்டுல கம்ப்யூட்டர் பாக்குற பிள்ளைங்ககிட்ட குடுத்துடுங்க.

விஷயம் என்னன்னா, இப்ப வர்ற வைஃபை பிரிண்டர் ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதுக்கு மெமரி இருக்கு, அதுக்குன்னு ஒரு வெப் பேஜ் இருக்கு, போதாததுக்கு தனியா ஒரு வைஃபை சிக்னலும் விடும். போனுக்கு லாக் போடுறோம், பேங்க் ஆப்புக்கு லாக் போடுறோம், பிரிண்டரை மட்டும் பெட்டியிலேருந்து எடுத்த மாதிரியே விட்டுடுறோம். ஆனா அதுல என்ன போகுதுன்னு பாருங்க, ஐசி (அடையாள அட்டை) காப்பி, பிள்ளைங்க பிறந்த பத்திரம், சம்பள ஸ்லிப், வருமான வரி பேப்பர், வீடு வாங்கின ஒப்பந்தப் பத்திரம். ஒரு குடும்பத்தோட எல்லா விவரமும் அந்த ஒரு பெட்டி வழியாத்தான் போகுது. அதனாலதான் பிரிண்ட் வந்துடுச்சுன்னா வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்கன்னு கேட்டுக்கறோம்.

மொதல்ல கனெக்ஷனைச் சொல்லிடுறோம், ஏன்னா கடைக்கு வர்ற போன்ல முக்கால்வாசி "அண்ணே வைஃபையே பிடிக்க மாட்டேங்குது" தான். நிறைய வீட்டு பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல மட்டும்தான் வேலை செய்யும், 5 கிகாஹெர்ட்ஸ் அதோட கண்ணுக்கே தெரியாது. இப்ப வர்ற ரூட்டர் எல்லாம் ரெண்டையும் ஒரே பேர்ல சேர்த்து விடுது, உங்க போன் 5ல ஒட்டிக்கும், பிரிண்டர் 2.4ஐ தேடிக்கிட்டு இருக்கும், நடுவுல செட்டப் ஆப் சுத்திக்கிட்டே நிக்கும். ரூட்டர் செட்டிங்ல போயி ரெண்டுக்கும் வேற வேற பேர் வச்சுடுங்க, இல்ல செட்டப் முடியிற வரைக்கும் 5ஐ ஆஃப் பண்ணிட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க, அது போதும். பிரிண்டரை வைஃபைல சேர்த்த பிறகு போன் 2.4, 5 எதுல இருந்தாலும் ஒரே ரூட்டர்தானே, பிரிண்ட் போகும்.

செட்டப் பண்றப்ப போன்ல மொபைல் டேட்டாவை நிறுத்திடுங்க, விபிஎன் இருந்தா அதையும் நிறுத்துங்க. செட்டப் நேரத்துல பிரிண்டர் விடுற சிக்னல்ல இன்டர்நெட் இருக்காது, உடனே போன் "இங்க நெட் இல்ல"ன்னு டேட்டாவுக்குத் தாவிடும், ஆப் பிரிண்டரை காணோம்னு சொல்லும். ஆண்ட்ராய்ட் போன்னா லொகேஷன் பர்மிஷன் கேக்கும், அத குடுத்தாத்தான் பக்கத்துல இருக்குற வைஃபையை அதால தேட முடியும், முடிஞ்சதும் எடுத்துடுங்க. இன்னொண்ணு, பிரிண்டர் எந்நேரமும் செட்டப் மோடுல இருக்காது, ஹெச்பில நிறைய மாடல் ஆன் பண்ணி 2 மணி நேரத்துல அதுலேருந்து வெளிய வந்துடும். காலையில ஆன் பண்ணி வச்சுட்டு வேலைக்குப் போயிட்டு சாயந்திரம் வந்து கனெக்ட் பண்ணா கிடைக்காது. வைஃபை பட்டனை சில செகண்ட் அழுத்திப் பிடிச்சா திரும்ப மோடுக்கு வரும், எத்தனை செகண்ட்னு மாடலுக்கு மாடல் மாறும், கூட வர்ற பேப்பர்ல இருக்கும்.

கனெக்ட் ஆன உடனே நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பேஜ்னு ஒண்ணு அடிச்சு எடுத்து வச்சுக்கங்க. அதுல ஐபி நம்பர் இருக்கும், வீட்டு நெட்வொர்க்ல பிரிண்டரோட அட்ரஸ் மாதிரி அது, 192.168ல ஆரம்பிச்சா பெரும்பாலும் சரி. 169.254ன்னு வந்துச்சுன்னா ரூட்டர் அதுக்கு நம்பரே குடுக்கலன்னு அர்த்தம், ரெண்டையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மழை காலத்துல இடி இடிச்சு கரண்ட் போயி வந்த பிறகு "ஆஃப்லைன்"னு காட்டுதுன்னு சொல்றீங்கல்ல, அதுக்கும் நிறைய நேரம் இந்த நம்பர்தான் காரணம். ரூட்டர் திரும்ப எழுந்து வந்ததும் பிரிண்டருக்கு வேற நம்பர் குடுத்துடும், லேப்டாப் பழைய நம்பர்லயே தேடிக்கிட்டு கெடக்கும். ரூட்டர்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், அதுல பிரிண்டருக்கு ஒரு நம்பரை நிரந்தரமா ஒதுக்கிட்டா இந்தத் தலைவலி போயிடும்.

இப்ப பூட்டுற விஷயம், நாங்க எழுத வந்ததே இதுக்குத்தான்.

அந்த ஐபி நம்பரை லேப்டாப் பிரவுசர்ல அடிச்சுப் பாருங்க, பிரிண்டரோட வெப் பேஜ் திறக்கும். "இந்த சைட் பாதுகாப்பானது இல்ல"ன்னு ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்தா பயப்படாதீங்க, பிரிண்டர் தனக்குத் தானே போட்டுக்கிட்ட சர்டிஃபிகேட்ட பிரவுசர் நம்பாம அப்படிச் சொல்லுது, நம்பரை சரியா அடிச்சிருந்தா உள்ள போகலாம். உள்ள போனா இங்க் எவ்வளவு இருக்கு, என்ன வைஃபை, எல்லாம் தெரியும். சில மாடல்ல ஸ்கேன்னு ஒரு பக்கம் இருக்கும், அத அழுத்தினா கண்ணாடி மேல என்ன வச்சிருக்கோ அது அப்படியே ஸ்கிரீன்ல வந்து நிக்கும். யோசிச்சுப் பாருங்க, நீங்க ஐசியை காப்பி எடுத்துட்டு மூடிக்குள்ளயே மறந்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டீங்க, உங்க வைஃபைல இருக்குற யார் வேணா, வாடகைக்கு ரூம் எடுத்து இருக்குற தம்பியோ டியூஷனுக்கு வந்த பையனோ, அவங்க இடத்துல உக்காந்தபடியே அந்த ஐசியை எடுத்துக்கலாம். மூடியைத் திறக்கக்கூட வேணாம். கடைக்கு வர்றவங்ககிட்ட இத நாங்க செஞ்சே காட்டுறோம், பாத்த உடனே முகம் மாறிடுது.

அதனால அந்த வெப் பேஜுக்கு அட்மின் பாஸ்வேர்ட் ஒண்ணு போடுங்க. பழைய மாடல் சிலதுல பாஸ்வேர்டே கிடையாது, புதுசுல பின்னாடி லேபல்ல ஒட்டியிருக்கும், இல்ல சீரியல் நம்பரே பாஸ்வேர்டா இருக்கும். லேபல்ல இருக்கறது போதும்னு விடாதீங்க. 2025 ஜூன் மாசம் ரேபிட்7ன்னு ஒரு பாதுகாப்பு ஆய்வு கம்பெனி ஒரு விஷயத்தை வெளியிட்டாங்க, பிரதர் தயாரிப்புல பிரிண்டர், ஸ்கேனர், லேபல் மெஷின்னு 689 மாடல்ல ஃபேக்டரி பாஸ்வேர்டை சீரியல் நம்பரை வச்சு கணக்குப் போட்டே எடுத்துடலாம்னு. ஏற்கனவே வித்துப் போன மெஷின்ல ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் போட்டாக்கூட இது முழுசா சரியாகாது, பாஸ்வேர்டை மாத்துறது ஒண்ணுதான் வழின்னு பிரதரே சொன்னாங்க. பிரதர் கெட்ட பிரிண்டர்னு நாங்க சொல்லல, நாங்களே விக்கிறோம், நல்லா உழைக்கிற மெஷின். ஆனா எந்த பிராண்டா இருந்தாலும் ஃபேக்டரி பாஸ்வேர்டு நம்ம பாஸ்வேர்டு இல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது வைஃபை டைரக்ட். கொண்டோவுல, ஃபிளாட்டுல இருக்குறவங்க போன்ல வைஃபை லிஸ்டைத் திறந்து பாருங்க, டைரக்ட்னு ஆரம்பிச்சு பிராண்ட் பேரோட நாலஞ்சு வரும், எல்லாம் பக்கத்து வீட்டு பிரிண்டருங்க. உங்களோடதும் அவங்க லிஸ்ட்ல அப்படித்தான் நிக்கும். ரூட்டர் இல்லாம போன்லேருந்து நேரா பிரிண்ட் அடிக்கத்தான் அது இருக்கு. பழைய ஹெச்பி மாடல் சிலதுல அதுக்கு பாஸ்வேர்டு 12345678ன்னே வந்துச்சு, அப்ப நீங்க ரூட்டருக்கு எவ்வளவு கஷ்டமான பாஸ்வேர்டு வச்சு என்ன பிரயோஜனம், வீட்டுக்கு முன்வாசலைப் பூட்டிட்டு பின்வாசலைத் திறந்து போட்ட மாதிரிதான். நீங்க அத பாவிக்கலன்னா பேனல்லயோ வெப் பேஜ்லயோ ஆஃப் பண்ணிடுங்க. பாவிக்கிறீங்கன்னா பாஸ்வேர்டை மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் பிரிண்டர்ல ஓகே அழுத்தினாத்தான் சேரணும்னு ஒரு செட்டிங் இருக்கும், அத போட்டுடுங்க.

ரூட்டர் பக்கமும் கொஞ்சம் பாக்கணும். வைஃபையைப் பூட்டுற செக்யூரிட்டி முறை டபிள்யூபிஏ2 இல்ல டபிள்யூபிஏ3ல இருக்கணும். பழைய பிரிண்டருக்கு டபிள்யூபிஏ3 புரியாது, அதுக்காக சில பேர் செக்யூரிட்டியையே எடுத்துட்டு ஓப்பனா விட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க, ரெண்டும் கலந்த மோடு ஒண்ணு இருக்கும், அத வச்சா பழசும் சேரும் புதுசும் சேரும். பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபைல சேர்க்குற டபிள்யூபிஎஸ் பட்டன் சுலபம்தான், ஒரு அழுத்து அழுத்தினா சேர்ந்துடும், ஆனா அதோட பின் நம்பர் முறையில ஓட்டை இருக்குன்னு 2011லயே வெளிய வந்துடுச்சு, அதனால சேர்த்து முடிச்சதும் ரூட்டர்ல டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் பண்ணிடுங்க. விருந்தாளிங்களுக்கும் டியூஷன் பிள்ளைங்களுக்கும் கெஸ்ட் வைஃபைன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடுங்க. கெஸ்ட்ல இருக்குறவங்களால பிரிண்டரைப் பாக்க முடியாது, அதுதான் நமக்கு வேணும், அவங்களுக்கு ஏதாவது பிரிண்ட் வேணும்னா வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி நீங்க அடிச்சுக் குடுங்க.

ஆபீஸ்லேருந்து வீட்டு பிரிண்டருக்கு அடிக்கணும்னு யாராவது ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் (வெளி இன்டர்நெட்லேருந்து வீட்டு மெஷினுக்கு நேரா வழி திறக்குறது) போட்டுக் குடுத்தாங்கன்னா வேணாம்னு சொல்லுங்க. பிரிண்டர் 9100ன்ற போர்ட்ல வர்றத எல்லாம் யாரு என்னன்னு கேக்காம அடிச்சுத் தள்ளும். 2018 நவம்பர்ல ஒருத்தர் இப்படி இன்டர்நெட்டுக்குத் திறந்து கெடந்த பிரிண்டருங்களா தேடிப் பிடிச்சு, ஒரு யூடியூப் சேனலுக்கு சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு உலகம் பூரா சுமார் 50,000 பிரிண்டர்ல அடிச்சு விட்டதா சொன்னாரு. அன்னிக்கு பேப்பரும் இங்க்கும்தான் வீணாச்சு, ஆனா அதே வழியில வேற வேலையும் பாக்கலாம். ரூட்டர்ல யூபிஎன்பின்னு இருக்கும், அது நம்மகிட்ட கேக்காமலே போர்ட்டைத் திறந்து விடக்கூடியது, கேம் விளையாடுறதுக்குக் கண்டிப்பா வேணும்னு பிள்ளைங்க சொன்னா ஒழிய அதையும் நிறுத்திடுங்க. வெளியிலேருந்து அடிச்சே ஆகணும்னா பிரிண்டர் கம்பெனியோட ஆப் வழியா அடிங்க. ஈமெயில் மூலமா பிரிண்ட் அடிக்கிற வசதி இருந்தா, நீங்க அனுமதிச்ச ஈமெயில்லேருந்து வந்தா மட்டும் அடிக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க.

ஃபர்ம்வேர் அப்டேட் பத்தி எங்ககிட்ட நிறைய பேர் சண்டைக்கே வர்றீங்க, அதனால நேராவே சொல்லிடுறோம். கார்ட்ரிட்ஜ் போடுற ஹெச்பி மாடல் பலதுல அப்டேட் போட்ட பிறகு வெளி கம்பெனி கார்ட்ரிட்ஜை ஏத்துக்காமப் போறது உண்மைதான், அந்தக் கட்டுப்பாடு இருக்குன்னு ஹெச்பியே சொல்லித்தான் விக்கிறாங்க. மலிவு கார்ட்ரிட்ஜ் போடுறவங்க அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறது எங்களுக்குப் புரியுது, ஆனா அப்டேட் இல்லாம வருஷக்கணக்குல வச்சா கண்டுபிடிச்ச ஓட்டை எல்லாம் அடைபடாமலே கெடக்கும். அப்டேட் போடுறதுக்கு முன்னாடி என்ன கார்ட்ரிட்ஜ் போட்டிருக்கீங்கன்னு எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, மாடலைப் பாத்துட்டுச் சொல்றோம். புதுசா வாங்குறவங்க கார்ட்ரிட்ஜுக்கு பதிலா பாட்டில்லேருந்து இங்க் ஊத்துற இங்க் டாங்க் வகையா பாத்து வாங்குங்க, மொதல்ல கொஞ்சம் காசு கூட போகும், ஆனா அதுல பொதுவா இந்தச் சிக்கல் வராது, பிள்ளைங்க ஸ்கூல் பேப்பர் அடிக்கிற வீட்டுக்கு அதுதான் கட்டும்.

இன்னொரு விஷயம், இது பிரிண்டருக்குள்ள இல்ல, கூகுள்ல இருக்கு. "பிரிண்டர் ஆஃப்லைன்"னு தேடினா பிராண்ட் பேர்லயே போலி சப்போர்ட் சைட் வரும், டிரைவர் (லேப்டாப் பிரிண்டரோட பேச வேண்டிய சாஃப்ட்வேர்) டவுன்லோட் பண்ற மாதிரி காட்டி பாதியில எர்ரர்னு நிறுத்தி ஒரு போன் நம்பர் குடுக்கும். கூப்பிட்டா உங்க லேப்டாப்ல வைரஸ் இருக்கு, ரிமோட் ஆப் ஒண்ணு போடுங்கன்னு ஆரம்பிப்பாங்க. எந்த பிரிண்டர் கம்பெனியும் டிரைவர் போட கார்டு நம்பர் கேக்காது. பிரிண்டர் பெட்டியில அடிச்சிருக்குற சைட் அட்ரஸ் மட்டும் போங்க, இல்ல எங்களைக் கூப்பிடுங்க. ஏற்கனவே ஸ்கிரீனைக் குடுத்து காசு போயிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு இருக்காம உடனே இன்டர்நெட்டைப் பிடுங்கிட்டு பேங்குக்கும் 997க்கும் போன் அடிங்க, 997 இந்த மாதிரி மோசடிக்குன்னு மலேசிய அரசாங்கம் 2022ல ஆரம்பிச்ச நம்பர், எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது.

கடைசியா, பழைய பிரிண்டரை விக்கிறவங்க, சொந்தக்காரங்களுக்குக் குடுக்குறவங்க, எங்ககிட்டயே டிரேட் இன் போடுறவங்க. உங்க வைஃபை பாஸ்வேர்டு அதுக்குள்ள இருக்கு, ஸ்கேன் பண்ணி ஈமெயில் அனுப்ப செட் பண்ணிருந்தா ஈமெயில் விவரமும் இருக்கு. ஃபேக்டரி ரீசெட் அடிச்சுட்டுத்தான் கைமாத்தணும். கேனன் இங்க்ஜெட் வச்சிருக்குறவங்க கூடுதலா கவனிங்க, ஏறக்குறைய 200 மாடல்ல சாதாரணமா ரீசெட் பண்ணா வைஃபை விவரம் அழியாம இருந்துடலாம்னு 2023 ஜூலைல கேனனே அறிவிச்சாங்க. அவங்க சொன்ன முறை, எல்லா செட்டிங்கையும் ரீசெட் பண்ணுங்க, அப்புறம் வைஃபையை ஆன் பண்ணுங்க, திரும்ப ஒரு தடவை எல்லாத்தையும் ரீசெட் பண்ணுங்க. கண்ணாடி மூடியையும் ஒரு தடவை திறந்து பாத்துடுங்க, டிரேட் இன் வர்ற மெஷின்ல ஐசி, பாஸ்போர்ட் எல்லாம் இருந்து நாங்க போன் பண்ணிக் குடுத்திருக்கோம்.

இதெல்லாம் தனியா செய்யத் தயக்கமா இருந்தா பிரிண்டரைத் தூக்கிக்கிட்டு வர வேணாம், ஸ்டேட்டஸ் பேஜையும் ரூட்டர் மாடல் பேரையும் எடுத்துக்கிட்டு வாங்க, எந்த எந்த இடத்துல என்ன மாத்தணும்னு எழுதிக் குடுக்குறோம், நம்மகிட்ட வாங்கினவங்களுக்கு அதுக்குக் காசு கிடையாது. பாஸ்வேர்டை மட்டும் எங்ககிட்டகூடச் சொல்லாதீங்க, வாட்ஸ்அப்ல அனுப்பவும் செய்யாதீங்க. சனிக்கிழமை மத்தியானம் கூட்டமா இருக்கும், வார நாள்ல சாயந்திரம் வந்தா உக்காந்து நிதானமா பேசலாம்.

நன்றி,
கடை அண்ணன் தம்பிங்க, பிரிக்பீல்ட்ஸ்